வாழைப்பழ மஃபின்: சூட்டுக்கு முன்னும் பின்னும்

தோலெங்கும் கரும்புள்ளி விழுந்த மோரிஸ் பழத்தை வீட்டில் யாரும் தொட மாட்டார்கள். மஃபினுக்கு அதுதான் வேண்டும். பழம் கனியக் கனிய அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது, மசிப்பதும் எளிது. கரும்புள்ளி இருந்தால் பழம் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் காம்பில் பூஞ்சை படர்ந்திருந்தாலோ, தோல் வெடித்து நீர் கசிந்தாலோ, புளித்த வாடை அடித்தாலோ தயங்காமல் தூக்கிப் போடுங்கள்.

ஆறேழு மஃபினுக்கு இவ்வளவு போதும்: மைதா 125 கிராம், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. இவற்றை ஒன்றாகச் சலித்துக்கொள்ளுங்கள். வண்டு இருந்தால் சல்லடையிலேயே தெரிந்துவிடும். வேறொரு பாத்திரத்தில் இரண்டு பழங்களை மசித்து, சர்க்கரை 75 கிராம், முட்டை ஒன்று, எண்ணெய் 60 மில்லி, தயிர் இரண்டு டேபிள்ஸ்பூன் சேர்த்து அடித்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் வேண்டாம், வாடை தூக்கும்.

இனி மாவையும் பழக்கலவையையும் சேர்க்கும் இடம்தான் முக்கியம். கேக்குக்கு அடிப்பதுபோல் இதை அடிக்கக் கூடாது. கரண்டியால் பத்துப் பதினைந்து முறை கிளறி, உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாமல் போனதும் நிறுத்திவிடுங்கள். சின்னச் சின்னக் கட்டிகள் இருந்தால் இருக்கட்டும். அதிகம் கிளறினால் மைதாவிலுள்ள குளூட்டன் இறுகி, மஃபின் ரப்பராகும். ஈரம் பட்டதுமே சோடா தயிரின் புளிப்போடு சேர்ந்து குமிழிடத் தொடங்கிவிடும். அதனால் கலப்பதற்கு முன்பே ஓவனை 180 டிகிரிக்குச் சூடாக்கி வையுங்கள். அச்சில் முக்கால் அளவு ஊற்றி, 20 முதல் 25 நிமிடம் வைத்து, நடுவில் குத்திய குச்சி மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. ஆப்பிள் அல்லது மாம்பழத் துண்டுகள் போடுவதானால், அவற்றை ஒரு ஸ்பூன் மைதாவில் புரட்டிப் போடுங்கள். அடியில் போய்த் தங்குவது குறையும்.

சுத்தம் என்றதும் நமக்கு மேடையைத் துடைப்பதுதான் நினைவுக்கு வருகிறது. மஃபினைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டிய கட்டங்கள் இரண்டு: ஓவனுக்குப் போகும் முன் மாவு பச்சையாக இருக்கும் நேரம், வெளியே வந்து ஆறும் நேரம். நடுவில் உள்ளதை வெப்பம் பார்த்துக்கொள்ளும். வெந்த மஃபினின் உட்புறம் 95 டிகிரியை எட்டிவிடும், சால்மொனெல்லா அதற்கு வெகுமுன்பே செத்துவிடும்.

பச்சை மாவில் முட்டை இருப்பதால் ருசிபார்க்கக் கூடாது என்பது பலருக்கும் தெரியும். மைதாவே ஆபத்தாகலாம் என்பதுதான் தெரியாது. கோதுமை வயலில் விளைவது, விலங்குகளின் எச்சம் அதில் படலாம். அரைக்கும்போது கிருமி சாகுமளவு சூடு அதற்குக் கிடைப்பதில்லை. 2016இல் அமெரிக்காவில் கோதுமை மாவின் வழியே ஈ.கோலி தொற்று பரவி, பெருமளவு மாவு கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ஆகவே முட்டை சேர்க்காத மாவையும் குழந்தைகள் வழித்து நக்கக் கூடாது. அழுதாலும் சரி, இருபது நிமிடம் பொறுத்தால் சுடச்சுட ஒன்றே கிடைக்கும்.

முட்டையை வாங்கி வந்ததும் கழுவி அடுக்க வேண்டாம். ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரத்தோடு கிருமியும் உள்ளே போகலாம். உடைக்கும்போது நேரே கலவையில் விடாமல் ஒரு கிண்ணத்தில் உடைத்துப் பாருங்கள். ஓட்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டு 20 நொடி கழுவிவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள். உரித்துப் போடும் தோல்தானே என்று நினைக்காமல் பழத்தையும் ஓடும் நீரில் கழுவுங்கள், இல்லாவிட்டால் தோலிலுள்ளது கை வழியாகவோ கத்தி வழியாகவோ பழத்துக்கு வந்துவிடும். மீன் நறுக்கிய பலகையில் பழம் நறுக்கக் கூடாது என்று சொல்லவே வேண்டாம். நான் அதிகம் அஞ்சுவது செல்போனைத்தான். செய்முறையைப் பார்க்க மாவுக் கையால் அதைத் தொட்டு, பிறகு அதே கையால் மாவைத் தொடுகிறோம். அளவுகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் தொல்லையில்லை.

வெந்ததும் ஐந்து நிமிடம் அச்சிலேயே விட்டு, பிறகு கம்பித்தட்டுக்கு மாற்றி, ஈ மொய்க்காமல் வலைமூடி போடுங்கள். மாவு கலந்த கரண்டியும், முட்டை சிந்தியதைத் துடைத்த துணியும் அந்தப் பக்கமே வரக் கூடாது. சூடு ஆறுமுன் டப்பாவில் போட்டு மூடினால் மூடியில் நீர் கோத்து, மறுநாளே நசநசக்கும். மாவிலுள்ள சில பாக்டீரியாக்களின் வித்துகள் ஓவன் சூட்டையும் தாங்கும். ஈரமும் புழுக்கமும் சேர்ந்தால் அவை முளைத்து மஃபினின் உட்புறத்தைப் பிசுபிசுப்பாக்கும், பிட்டால் நூல்போல இழுபடும், அழுகிய பழ வாடையும் வரும். ஒன்றில் பூஞ்சை தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைத் தின்னக் கூடாது, இழைகள் உள்ளே ஓடியிருக்கும்.

நம் ஊர் வெயிலுக்கு வெளியே இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள், ஃபிரிட்ஜில் நான்கு நாள் தாங்கும். நிறையச் செய்துவிட்டால் நன்றாக ஆறியபின் ஒவ்வொன்றாகச் சுற்றி ஃபிரீசரில் வையுங்கள். இரண்டு மாதம் வரை சுவை குறையாது.