பாரிசவாயுவும் சீனரின் மூன்று இலக்கங்களும்

பாரிசவாயு என்று நம் முன்னோர் வழங்கிய நோயைச் சீனர் 'ஜோங்ஃபெங்' என்பர். காற்றினால் தாக்குண்டமை என்பது அதன் பொருள். நம் சொல்லில் வாயு உண்டு. அவர் சொல்லிலும் காற்று உண்டு. ஆயினும் நோய்க்கும் காற்றுக்கும் யாதொரு தொடர்புமில்லை. மூளைக்கு உதிரங் கொண்டு செல்லுங் குழாய் அடைபடுதலாலேனும் வெடித்தலாலேனும் இஃது உண்டாகின்றது. உதிரம் பெறாத மூளைப் பகுதி நிமிடந்தோறும் அழிந்துகொண்டே போம். அடைப்பினால் வந்ததாயின், உறைந்த உதிரத்தைக் கரைக்கும் மருந்தை நாளத்தின் வழியே செலுத்தலாம். பெரும்பாலும் 4½ மணி நேரத்திற்குள் அது செலுத்தப்படல் வேண்டும். வெடிப்பினால் வந்ததாயின் அம்மருந்தே கேடு பயக்கும். இன்னதெனத் துணிதல் வைத்தியசாலையில் தலையைப் படமெடுத்துப் பார்த்தாலன்றி இயலாது.

சீன தேசத்தில் மரணத்திற்கு முதன்மையான காரணங்களுள் இந்நோயும் ஒன்று. அங்கே நோயுற்றார் பலர் காலந்தாழ்த்தே வைத்தியசாலையை அடைகின்றனர். நோயாளியின் பத்து விரல் நுனிகளையும் ஊசியாற் குத்தி இரத்தம் வடியச் செய்தால் நலமாகும் என்றொரு நம்பிக்கையும் சீனரிடையே பரவியுளது. நோய் அதனால் நீங்குவதில்லை. கிடைத்தற்கரிய நேரமே கழிந்துபோம்.

ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் நோய்க்குறிகளைப் போதிக்க எளிய வழியொன்று உண்டு. முகம், கை, பேச்சு, காலம் என்பவற்றிற்குரிய ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களைக் கூட்டினால், விரைவு எனப் பொருள்படும் 'பாஸ்ட்' என்னுஞ் சொல்லாகும். இதனைச் சீனத்தில் மொழிபெயர்த்தால் பொருள் வரும், சொல் வாராது. அம்மொழியிலோ நெடுங்கணக்கே இல்லை. ஆங்கிலமறியாத கிராமத்து மூதாட்டி அந்நான்கெழுத்துக்களை எங்ஙனம் நினைவிற் கொள்வாள்?

சாவ் ஜிங், லியூ ரென்யூ என்னும் வைத்தியர் இருவர் 2017-ஆம் ஆண்டு 'லான்செட் நியூராலஜி' என்னும் பத்திரிகையில் வேறொரு வழியை விளக்கினர். சீனாவில் நோயாளியை ஏற்றிச்செல்லும் வண்டியை அழைத்தற்குரிய தொலைபேசி எண் 120. அதனையே அவர் பாடமாக்கினர். ஒன்று: ஒரு முகத்தைப் பார், வாய் ஒருபுறங் கோணியுளதோ? இரண்டு: இரு கைகளையும் உயர்த்தச் சொல், ஒன்று தளர்ந்து தாழ்கின்றதோ? பூச்சியத்திற்குச் சீனப் பெயர் 'லிங்'. செவிகொடுத்துக் கேட்டல் என்னும் பொருளுடைய சொல்லும் அவ்வொலியே உடையது. ஆதலின், பேச்சைக் கேள், நாக் குழறுகின்றதோ? இவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினும் அவ்வெண்ணையே உடனே அழைத்தல் வேண்டும். குறியும் செயலும் ஒரே எண்ணில் அடங்கிவிட்டன. இதனினுஞ் சுருங்கிய சுகாதார பாடத்தை யாம் கண்டிலேம்.

நிற்க. கடல் கடந்து வாழுஞ் சீனர்க்கு இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கானடாவில் அழைக்கவேண்டிய எண் 911, ஹாங்காங்கில் 999. அங்கெல்லாம் போதிப்போர், குறிகளை 120 கொண்டே கற்பிப்பினும், அழைக்கும் எண் வேறென்பதைப் பிரித்துச் சொல்லியே ஆகவேண்டும்.

இனி, நோய் வாராமற் காத்தல். பாரிசவாயுவிற்கும் இருதய நோய்க்கும் பெருங்காரணம் இரத்த அழுத்த மிகுதி; அதனை வளர்ப்பது உப்பு. சீனக் கிராமத்தார் உண்ணும் உப்பிற் பெரும்பகுதி அவரவர் சமையலறையிலேயே சேர்வது. ஆகவே அவ்வுப்பையே மாற்றிப் பார்த்தனர். 600 கிராமங்களில், முன்னரே பாரிசவாயு கண்டவரும், இரத்த அழுத்தம் மிகுந்த முதியோருமாக ஏறக்குறைய 21,000 பேர் ஆராயப்பெற்றனர். பாதிக் கிராமத்தார்க்கு, நாலிலொரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு வழங்கப்பட்டது. சற்றேறக்குறைய ஐந்தாண்டு கழிந்தபின், 2021-இல் முடிபு வெளிவந்தது: ஏனையோரினும் அவர்க்குப் பாரிசவாயு நூற்றுக்கு 14 வீதமும், மரணம் 12 வீதமுங் குறைந்திருந்தன. சிறுநீரக நோயுடையார் மட்டும் வைத்தியரைக் கேளாமல் அவ்வுப்பைக் கொள்ளலாகாது. பொட்டாசியம் அவர் உடலில் தங்கி இருதயத்தைத் தாக்கக்கூடும்.