வலி மாத்திரையும் அழுத்த மருந்தும்

இரத்த அழுத்தத்துக்கு மருந்துண்பவர் இல்லாத தெரு இன்று அபூர்வம். காலையில் தவறாது ஒரு மாத்திரையை விழுங்கி, ஊறுகாயையும் விலக்கி, இனி அச்சமில்லையென்று இருக்கின்றனர். அவர்களே முழங்கால் வலித்தால் கடைக்குச் சென்று வலி மாத்திரை வாங்கி உண்கின்றனர். அதை வைத்தியரிடம் சொல்வதில்லை. சொல்லத்தக்க விஷயமென்றே அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

அபாயம் இங்கேதான் இருக்கிறது. டைக்ளோபெனாக், ஐபுபுரூபென் முதலியவை புராஸ்டகிளாண்டின் என்னும் பொருள் உடலில் உண்டாவதைத் தடுத்து வலியைத் தணிப்பன. ஆனால் சிறுநீரகத்துள் இரத்தம் புகும் நுண்குழாயை விரித்து வைப்பதும் அப்பொருளே. அது குன்றினால் உப்பும் நீரும் உடலில் தங்கி, அழுத்தம் ஏறுகிறது. காரணமறியாத வைத்தியர் அழுத்த மருந்தின் அளவைக் கூட்டுகிறார்!

தீங்கு இம்மட்டோடு நிற்பதில்லை. எனாலாப்ரில், ராமிப்ரில், லோசார்ட்டான் போன்ற மருந்துகள் சிறுநீரக வடிகட்டியினின்று இரத்தம் வெளியேறும் குழாயைத் தளர்த்துவன. நீர் மாத்திரையோ உடலின் நீரைக் குறைப்பது. இவ்விரண்டோடு வலி மாத்திரையும் சேருமாயின், வரத்து வாய்க்கால் சுருங்கி, மடை திறந்து, ஏரியும் வற்றிய கதிதான். பேதியோ வாந்தியோ கண்டிருக்கும் நாளில் கேட்கவே வேண்டாம். பிரிட்டனில் அழுத்த மருந்துண்ட சுமார் 4,87,000 பேரின் குறிப்புகளை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டனர். அவ்விரு மருந்துகளை மட்டும் உண்டவரைவிட, வலி மருந்தையும் சேர்த்து மூன்றும் உண்டவருக்குத் திடீர்ச் சிறுநீரகக் கேடு 31 சதவிகிதம் அதிகமாம். முதல் முப்பது நாட்களிலோ 82 சதவிகிதம்.

டைக்ளோபெனாக்கை வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாதென்பது நமது நாட்டு விதி. விதி புஸ்தகத்தில் உறங்குகிறது. மாத்திரை கடை கடையாக நடமாடுகிறது. கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பவரை மாத்திரம் குறை சொல்லிப் பயனில்லை. வேறென்ன உண்கிறீரென்று ஒரு வார்த்தை கேளாத வைத்தியருக்கும் இதில் பங்குண்டு.

நாட்டு மருந்தில் தீங்கில்லை என்பாரும் உளர். 1946-ல் ஹாலந்து வைத்தியர் ரெவர்ஸ், வயிற்றுப் புண்ணுக்கு அதிமதுரச் சாறு உண்டவர் சிலருக்கு உடல் வீங்கியதைக் கண்டு எழுதினார். அதிமதுரத்தை மிகுதியாக உண்டால் அது உப்பைத் தேக்கி அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை வெளியேற்றும். நீர் மாத்திரைகளிற் பலவும் பொட்டாசியத்தைப் போக்குவன. இரண்டும் கூடினால் இருதயத் துடிப்பே தடுமாறலாம்.

ஆதலால் அழுத்த மருந்தைத் தாமாக நிறுத்திவிட வேண்டுமென்று யாரும் கருதற்க. அடுத்த முறை வைத்தியரிடம் செல்லும்போது, வீட்டிலுள்ள மாத்திரை, லேகியம், சூரணம் அனைத்தையும் ஒரு பையிலிட்டுக் கொண்டுபோய் அவர் மேஜைமேல் கொட்டட்டும்.