உங்கள் ஆதார் பைல் எங்கே இருக்கிறது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, ஆதார் கார்டை டவுன்லோட் செய்து வைத்துக் கொள்வது. அவர்களில் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி, "இந்த எண் வேறு யார் கைக்காவது போனால் என்ன சார் ஆகும்?" என்பதுதான். நியாயமான பயம்தான்.

முதல் ஆதார் எண் 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிராவின் தெம்ப்ளி கிராமத்தில் வழங்கப்பட்டது. இந்த 12 இலக்க எண்ணுடன் நம் பத்து விரல் ரேகைகள், இரண்டு கருவிழிப் பதிவுகள், போட்டோ ஆகியவை இணைந்துள்ளன. மானியங்களில் போலிகளைத் தடுக்க இது உதவும் என்றது அரசு. எல்லாவற்றையும் ஒரே எண்ணில் இணைத்தால், ஒருவரை முழுமையாகக் கண்காணிக்கலாமே என்றனர் எதிர்த்தவர்கள். ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி 2012ல் உச்ச நீதிமன்றம் சென்றார். அந்தரங்கம் அடிப்படை உரிமையே என 2017 ஆகஸ்ட் 24ல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். 2018 செப்டம்பரில் ஆதார் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தாலும், வங்கிக் கணக்குக்கும் மொபைல் எண்ணுக்கும் ஆதார் கட்டாயம் என்பது ரத்தானது.

2018 ஜனவரியில், 500 ரூபாய் கொடுத்து ஆதார் விவரங்களைப் பார்க்க முடிந்ததாக 'தி டிரிப்யூன்' நாளிதழ் எழுதியது. கைரேகைத் தகவல்கள் கசியவில்லை என ஆதார் ஆணையம் மறுத்தது. பாஸ்வேர்ட் திருடு போனால் மாற்றிக் கொள்ளலாம். விரல் ரேகையை மாற்ற முடியுமா? என் கவலை இதுதான்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

1. டவுன்லோட் செய்த பி.டி.எப். பைலுக்கு பாஸ்வேர்ட் உண்டு. ஆனால் அது உங்கள் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான். உங்களைத் தெரிந்த எவரும் திறந்துவிடலாம். எனவே அதைப் பாதுகாப்பு என்று நம்ப வேண்டாம்.

2. பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்தால், டவுன்லோட்ஸ் போல்டரில் உள்ள பைலை ஷிப்ட் கீயுடன் டெலிட் கீயை அழுத்தி நீக்கவும். நான் சென்ற ஒரு சென்டரில், முன்பின் தெரியாதவர்களின் ஆதார் பைல்கள் வரிசையாக இருந்தன. சென்டரின் மெயிலுக்கோ வாட்ஸ்அப்புக்கோ பைலை அனுப்பியிருந்தால், அதையும் அழிக்கச் சொல்லுங்கள்.

3. ஆதார் ஆணையத்தின் தளத்தில் டவுன்லோட் செய்கையில் 'மாஸ்க்டு ஆதார்' என்ற கட்டத்தில் டிக் செய்திடவும். கடைசி நான்கு எண்கள் மட்டுமே தெரியும்.

4. அதே தளத்தில் 16 இலக்க விர்ச்சுவல் ஐ.டி. பெறலாம். ஆதார் எண்ணுக்குப் பதில் இதைத் தரலாம். புதியதை உருவாக்கினால் பழையது செல்லாது.

5. கைரேகையை லாக் செய்யும் வசதியும் உண்டு. லாக் செய்தபின் ரேஷன் கடையில் விரல் வைத்தால் ஏற்காது. போகும்முன் தற்காலிகமாக அன்லாக் செய்திடவும். ஓ.டி.பி. வர, மொபைல் எண் ஆதாரில் பதிவாகியிருக்க வேண்டும்.

6. மாதம் ஒருமுறை 'ஆதன்டிகேஷன் ஹிஸ்டரி' பாருங்கள். உங்கள் ஆதார் எப்போது சரிபார்க்கப்பட்டது எனக் காட்டும். நீங்கள் செய்யாதது ஏதேனும் இருந்தால் 1947 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்திடவும்.