கியர் விழ மறுக்கும் மியாட்டா

கியர் இறுகிவிட்டது என்றதும் பலர் கியர் பாக்ஸை இறக்கினால் எவ்வளவு ஆகும் என்றுதான் முதலில் கணக்குப் போடுகிறார்கள். பழைய மாஸ்டா மியாட்டா வைத்திருப்பவர்கள் அந்தக் கணக்கைக் கடைசிக்குத் தள்ளி வைக்கலாம். இந்தக் காரில் கியர் இறுகுவதற்கான காரணம் பெரும்பாலும் கியர் பாக்ஸை இறக்காமலே மாற்றக்கூடிய மலிவான ரப்பரிலோ நைலானிலோ எண்ணெயிலோதான் இருக்கும்.

1989-இல் சிகாகோ மோட்டார் ஷோவில் அறிமுகமான கார் இது. அமெரிக்காவில் மியாட்டா, ஐரோப்பாவில் எம்எக்ஸ்-5, ஜப்பானில் அன்றைக்கு யூனோஸ் ரோட்ஸ்டர். இரண்டே இருக்கை, மடக்கும் கூரை, முன்னால் எஞ்சின், பின்சக்கரங்களுக்கு இழுவை. 2016-இல் பத்து லட்சமாவது கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. 1997 வரை வந்த முதல் தலைமுறையிலும் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறையிலும் பெரும்பாலான கார்களில் இருப்பது 5 கியர் பாக்ஸ். நான் பேசுவது அதைப் பற்றித்தான். ஆறு கியர் பாக்ஸ் வேறு ஜாதி.

இந்தக் காரைக் கொண்டாடுபவர்கள் எஞ்சினைக் கொண்டாடுவதில்லை; 1.6 லிட்டர் எஞ்சினில் கொண்டாட அதிகமில்லை. அவர்கள் சொல்வது கியர் லிவரைத்தான். மணிக்கட்டை அசைத்தால் போதும், டக்கென்று விழும். நாம் ஓட்டும் சாதாரண முன்சக்கர இழுவைக் கார்களில் லிவர் ஓரிடத்தில், கியர் பாக்ஸ் வேறிடத்தில். நடுவே இரண்டு கேபிள்கள் போகும். மியாட்டாவில் எஞ்சின் நீளவாக்கில் கிடக்கிறது, கியர் பாக்ஸ் அதற்குப் பின்னால் ஓட்டுநரின் இடுப்போரமாக வருகிறது, லிவர் நேராக அதன் தலைமேல் நிற்கிறது. நடுவில் தரகர் யாருமில்லை. கைக்கு அந்த உணர்வு வருவதும் அதனால்தான், பழுது வந்தால் காருக்குள் உட்கார்ந்தே பாதியைச் சரிசெய்ய முடிவதும் அதனால்தான்.

எதையும் கழற்றுவதற்கு முன், ஸ்பேனரே இல்லாமல் ஒரு சோதனை. எஞ்சினை அணைத்துவிடுங்கள். கிளட்சை அமுக்கி ஒன்று முதல் ஐந்து வரை, பிறகு ரிவர்ஸ் என்று எல்லாக் கியரையும் நிதானமாகப் போட்டுப் பாருங்கள். அப்போதும் இறுக்கமாக இருந்தால், குற்றம் லிவரிலும் அதன் அடிப்பகுதியிலும் இருக்கிறது. அணைத்திருக்கும்போது வெண்ணெயாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. காலையில் முதல் சில கிலோமீட்டர் மட்டும் கடினமாக இருந்து பிறகு சரியாகிவிட்டால் எண்ணெயைப் பாருங்கள். மற்றதெல்லாம் நன்றாக விழுந்து ஒரே ஒரு கியர் மட்டும் கரகரக்கிறதா? அதுதான் கெட்ட செய்தி. அங்கே சிங்க்ரோ, அதாவது கியர் விழும்முன் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம், தேய்ந்திருக்கலாம். இந்த நாலையும் பிரித்துப் பார்க்காமல் ‘கியர் ஹார்டா இருக்கு’ என்று மட்டும் சொல்லி வண்டியை ஷெட்டில் விட்டால், மெக்கானிக் தனக்குப் பழகிய வேலையைத்தான் முதலில் செய்வார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

லிவரிலிருந்து தொடங்குவோம். லிவரின் நடுவே ஓர் உலோக உருண்டை. அது கிண்ணம் போன்ற இருக்கையில் உட்கார்ந்து சுழல்கிறது. லிவரின் கீழ்நுனி, கியர்களைத் தள்ளும் தண்டின் குழிக்குள் போகிறது. அந்த நுனியில் விரல்நுனி அளவுக்கு ஒரு நைலான் தொப்பி. இவையெல்லாம் இருக்கும் இடத்துக்கு டரெட் என்று பெயர். பலருக்குத் தெரியாத விஷயம் இதுதான்: டரெட்டுக்கு எண்ணெய் தனி. கீழே கியர் பாக்ஸில் இருக்கும் எண்ணெய் இங்கே ஏறி வராது. ஆகவே கியர் ஆயிலை ஒழுங்காக மாற்றிக்கொண்டே வந்த வண்டியிலும் டரெட் வறண்டு கிடக்கலாம். தொழிற்சாலையில் ஊற்றியதற்குப் பிறகு ஒரு சொட்டும் பார்க்காத டரெட்டுகள் ஏராளம்.

வறண்டுபோவதற்கு வழிசெய்வது, அதை மூடியிருக்கும் சின்ன ரப்பர் பூட். லிவர் அசையும் ஒவ்வொரு முறையும் இந்த ரப்பர் மடங்கி விரிகிறது. கீழிருந்து கியர் பாக்ஸின் சூடு வேறு. இருபது வருடத்தில் கிழியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கிழிந்ததும் எண்ணெய் தெறித்து வெளியேறும், தூசி உள்ளே போகும். கழற்றாமலே இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அரைமணி நேரம் ஓட்டிவிட்டு லிவரைச் சுற்றி உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அங்கே அடுப்பருகே போலச் சூடு வந்தாலோ, கியர் பாக்ஸின் ஊளை காருக்குள் தெளிவாகக் கேட்டாலோ, பூட் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். மேலே இன்னொரு பெரிய ரப்பர் பூட் உண்டு. பெரும்பாலும் அதுவும் சேர்ந்தே போயிருக்கும்.

வேலை ஒரு மதியத்தில் முடிந்துவிடும். வண்டி நன்றாக ஆறியிருக்க வேண்டும். லிவரை நியூட்ரலில் வைத்து, குமிழை இடப்பக்கம் திருகிக் கழற்றி, நடுக் கன்சோலை எடுத்துவிட்டால் பெரிய பூட் தெரியும். அதன் வளையத்தைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகளை எடுத்தால், கீழே சின்ன பூட்டும் அதை அழுத்தியிருக்கும் தகடும். அதில் மூன்று போல்ட். இந்த இடத்தில் சுற்றிலும் பழைய துணியைத் திணித்துக்கொள்ளுங்கள். கியர் பாக்ஸின் இருபக்கமும் இடைவெளி. கைதவறிய போல்ட் அதற்குள் விழுந்தால் தேடி எடுப்பது தனி வேலை. மூன்றையும் எடுத்ததும் லிவர் நேராக மேலே வந்துவிடும்.

வெளியே வந்த லிவரின் நுனியைப் பாருங்கள். நைலான் தொப்பி இருக்கிறதா? இல்லையென்றால் அது குழிக்குள்ளேயே தங்கிவிட்டது, அல்லது துண்டு துண்டாக உடைந்து கிடக்கிறது. டார்ச் அடித்து, நீண்ட இடுக்கியால் ஒவ்வொரு துணுக்காக எடுக்க வேண்டும். குழிக்குள் இருக்கும் எண்ணெய் தார் மாதிரி கறுத்து இறுகியிருக்கலாம், அல்லது எண்ணெயே இல்லாமல் சாம்பல்நிறச் சேறு மட்டும் இருக்கலாம். பெரிய ஊசிக்குழாயால் உறிஞ்சி, நார் விடாத துணியால் துடைத்தெடுங்கள். புதுத் தொப்பி, உருண்டையின் இருக்கைக்குப் புது புஷ், இரண்டு பூட். இந்த ரப்பரும் நைலானும் ஒரே பொட்டலமாகவே விற்கின்றன. பிறகு சுமார் 80 முதல் 90 மில்லி கியர் ஆயிலை டரெட்டில் ஊற்றிவிட்டு, கழற்றிய வரிசைக்கு எதிர்வரிசையில் மாட்டுங்கள். கிரீஸ் வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. உருண்டையின்மேல் கொஞ்சம் தடவலாம். எண்ணெய்க்குப் பதிலாகக் குழியை கிரீஸால் அடைக்க வேண்டாம். குளிரில் அதுவே இறுகும்.

அடுத்தது கிளட்ச். மியாட்டாவில் கிளட்ச் கேபிள் இல்லை, எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிறது. பெடலுக்கு மேலே மாஸ்டர் சிலிண்டர், கியர் பாக்ஸின் ஓரத்தில் ஸ்லேவ் சிலிண்டர். ஸ்லேவ் சிலிண்டர் ஒழுகுவது இந்தக் காரின் ஊரறிந்த வியாதி. அதன் தூசிமூடி ரப்பரை விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். பானட்டைத் திறந்து கிளட்ச் எண்ணெய் இருக்கும் சின்ன டப்பாவையும் பாருங்கள். அளவு இறங்கியிருக்கும், அல்லது எண்ணெய் மையாகக் கறுத்திருக்கும். கறுப்பு என்றால் உள்ளே ரப்பர் கரைந்து வருகிறது என்று பொருள்.

பெடலை இரண்டு மூன்று தடவை வேகமாக மிதித்த பிறகு கியர் சுலபமாக விழுகிறதா? அப்படியானால் குழாயில் காற்று இருக்கிறது, அல்லது சிலிண்டர் அழுத்தத்தைத் தாங்கவில்லை. இன்னொரு சோதனை: எஞ்சின் ஓட, கிளட்சை முழுக்க அமுக்கி, நான்கைந்து விநாடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். அவ்வளவு காத்த பிறகும் பல் கடித்தால் கிளட்ச் விடுபடவில்லை. மாஸ்டர், ஸ்லேவ் இரண்டையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள் என்பது என் கட்சி. இரண்டுக்கும் வயது ஒன்றுதான், ஒன்று புதிதானால் மற்றது சீக்கிரமே தன் வயதைக் காட்டும். மாற்றியதும் காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் கீழே ஸ்லேவ் சிலிண்டரில் காற்று போகும் நிப்பிளைத் திறந்து மூட, குமிழி வருவது நிற்கும்வரை. இதெல்லாம் செய்வதற்கு முன் பெடலுக்குக் கீழே தடிமனான மேட் கிடக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சிரிப்பாக இருக்கும். ஆனால் பெடல் கடைசிவரை போகாததற்கு அதுவே காரணமாக இருந்த வண்டிகள் உண்டு. இந்தக் கிளட்ச் சோதனைகள் எண்ணெய் அழுத்தக் கிளட்ச் உள்ள எந்தக் காருக்கும் பொருந்தும், ஸ்போர்ட்ஸ் காராக இருக்க வேண்டியதில்லை.

இனி, குளிர்காலை இரண்டாம் கியர். இங்கிலாந்திலோ அமெரிக்காவின் வடக்கிலோ ஜனவரியில் மியாட்டா ஓட்டுபவர்கள் பலருக்கும் இது பழக்கம்: ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகவே போகாது. ஏன் இரண்டு மட்டும்? கியர் விகிதங்களில் பதில் இருக்கிறது. 1.6 லிட்டர் காரில் முதல் கியர் 3.136, இரண்டாவது 1.888, மூன்றாவது 1.330, நான்காவது 1.000, ஐந்தாவது 0.814. எஞ்சின் 4,000 சுற்றில் இருக்கும்போது ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றினால், கியர் பாக்ஸின் உள்தண்டு சுமார் 2,400 சுற்றுக்கு இறங்க வேண்டும். 1,600 சுற்று குறைய வேண்டும். அதே 4,000-இல் மூன்றிலிருந்து நான்குக்குப் போனால் சுமார் 1,000 குறைந்தால் போதும். நான்கிலிருந்து ஐந்துக்கு 750-க்குக் கீழே. இந்த வேகத்தைக் குறைத்துச் சமப்படுத்துவதுதான் சிங்க்ரோவின் வேலை. பித்தளை வளையம் ஒன்று கியரின் கூம்பில் உரசி, இரண்டின் வேகமும் ஒன்றானதும் பற்களைச் சேரவிடும். எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருந்தால் கூம்புக்கும் வளையத்துக்கும் நடுவே அதன் படலம் சீக்கிரம் விலகாது. உரசல் பிடிக்கத் தாமதமாகும். அதிகமாக உழைக்க வேண்டிய இரண்டாம் கியர் சிங்க்ரோ முதலில் முனகுகிறது.

ஆகவே எண்ணெய். கையேடு கேட்பது 75டபிள்யூ-90 என்ற கெட்டித்தன்மையுள்ள கியர் ஆயில். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்ற இரண்டு தரங்களையும் அனுமதிக்கிறது. நான் ஜிஎல்-4 தான் ஊற்றுவேன். ஜிஎல்-5 பின் ஆக்ஸிலின் கனமான பற்களுக்காகச் செய்யப்பட்டது, கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த மருந்து அதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த வழுவழுப்பு டிஃபரன்ஷியலுக்கு வரம், உரசிப் பிடிக்க வேண்டிய சிங்க்ரோவுக்கு இடைஞ்சல். தரமான சிந்தெட்டிக் ஜிஎல்-4 ஊற்றிய மறுநாளே குளிர்காலை இரண்டாம் கியர் பெருமளவு இளகுவதுண்டு. அளவு சுமார் 2 லிட்டர். ஒரே எச்சரிக்கை: கீழே வடிகால் பிளக்கைத் தொடுவதற்கு முன், பக்கவாட்டில் ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். எண்ணெயையெல்லாம் வடித்துவிட்டு, மேல் பிளக் துருப்பிடித்துத் திரும்ப மறுத்தால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

எண்ணெயை மாற்றும்வரை, குளிர்ந்த வண்டியில் இரண்டாம் கியரை முஷ்டிபலத்தால் தள்ளாதீர்கள். ஒன்றிலிருந்து எடுத்து நியூட்ரலில் ஒரு கணம் நிறுத்தி, பிறகு இரண்டில் போடுங்கள். முதல் சில நிமிடம் எஞ்சினைக் குறைந்த சுற்றிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இறங்க வேண்டிய வேகமும் குறையும்.

வடித்த எண்ணெயைக் கொட்டிவிடாமல் அகலமான தட்டில் வைத்து வெயிலில் பாருங்கள். வடிகால் பிளக்கின் காந்தத்தில் சாம்பல்நிற மெழுகு ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம். பித்தளை காந்தத்தில் ஒட்டாது. அது எண்ணெயிலேயே பொன்துகளாக மினுமினுக்கும். மினுமினுப்பு அதிகமாக இருந்து, சூடான பிறகும் ஒரு கியர் கரகரத்து, இரட்டைக் கிளட்ச் போட்டால் (நியூட்ரலில் கிளட்சை ஒருமுறை விட்டு மறுபடி அமுக்கினால்) மட்டும் அமைதியாக விழுகிறதென்றால், சிங்க்ரோ முடிந்தது. கியர் பாக்ஸை இறக்க வேண்டியதுதான். அப்போதும் உள்ளே பிரித்துப் பார்ப்பதற்கு முன், நல்ல நிலையிலுள்ள பழைய பாக்ஸ் ஒன்று என்ன விலை என்று விசாரியுங்கள். இத்தனை கார்கள் ஓடிய மாடலில் பல ஊர்களில் அதுவே மலிவாக முடியும். பாக்ஸ் எப்படியும் கீழே இருக்கும்போது கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், ஃப்ளைவீல் நடுவிலுள்ள பைலட் பேரிங் மூன்றையும் மாற்றிவிடச் சொல்லுங்கள். இறுகிப்போன பைலட் பேரிங், கிளட்சை அமுக்கிய பிறகும் உள்தண்டைச் சுற்றவைத்துக்கொண்டே இருக்கும்; அதைத் தனியாக மாற்ற மறுபடி இறக்கினால் கூலி முழுதாக இன்னொரு முறை.