கைக்கெட்டும் தூரம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நவம்பர் பிறந்துவிட்டால் மான் வேட்டைப் பேச்சுதான். நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் நடக்கும் பருவத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் ரைபிளும் கையுமாகக் காட்டுக்குள் இறங்குகிறார்கள். தாத்தா, அப்பா, பேரப்பிள்ளைகள் என்று மூன்று தலைமுறை சேர்ந்து போகும் குடும்பங்கள் உண்டு. பன்னிரண்டு வயதுச் சிறுமி துப்பாக்கியோடு நிற்பதை அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவள் பக்கத்தில் யார் நிற்கிறார், எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதைத்தான் பார்க்கிறார்கள். அப்படிப் பார்க்கப் பழகுவதற்கு அந்த மாநிலத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

1914ஆம் ஆண்டில் அங்கே வேட்டை உரிமம் வாங்கியவர்கள் ஏறத்தாழ 1,55,000 பேர். அந்த ஒரு பருவத்தில் குண்டுபட்டு இறந்த வேட்டைக்காரர்கள் 24 பேர், காயமடைந்தவர்கள் 26 பேர். அன்று பையனுக்குத் துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அப்பா அல்லது மாமா. அவர் நிதானக்காரராக இருந்தால் பையனும் நிதானமாக வளர்ந்தான். அவர் தோட்டா நிரப்பிய துப்பாக்கியோடு வேலி தாண்டுகிறவராக இருந்தால் அதுவும் குடும்ப வழக்கமாகத் தொடர்ந்தது. பெரியவர் கூடவே போனார், உண்மைதான். ஆனால் காட்டில் அவர் ஒரு மூலையில், பையன் இன்னொரு மூலையில்.

விபத்துகள் நேர்ந்த விதத்தைப் பார்த்தால் இந்தத் தூரத்தின் ஆபத்து விளங்கும். சிலர் வரிசையாக நடந்து புதர்களைக் கலைத்து மானை விரட்டுவார்கள். மற்றவர்கள் எதிர்முனையில் காத்திருப்பார்கள். மான் பாய்ந்து ஓடும்போது கண் அதன் பின்னால் போகும், துப்பாக்கிக் குழலும் கூடவே போகும். அந்தக் கோட்டின் முடிவில் நிற்பவர் சொந்த அண்ணனாகவும் இருக்கலாம். இன்னொரு வகை, தன்னைத் தானே சுட்டுக்கொள்வது: மரத்தில் கட்டிய பரண் மேல் ஏறும்போது, தோட்டா போடும்போது, எடுக்கும்போது. சுட்டவரும் பட்டவரும் ஒரே குழுவினர், அல்லது ஒரே ஆள். அந்நியர் எங்கிருந்தோ வந்து சுட்ட கதைகள் குறைவு.

முதலில் உடையை மாற்றினார்கள். 1945இல் மான் வேட்டைக்குச் சிவப்பு உடை கட்டாயமானது. மங்கிய வெளிச்சத்தில் சிவப்பு கறுத்துத் தெரியும்; அதனால் 1980இல் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு வந்தது. நம் கண்ணைப் பறிக்கும் அந்த நிறம் மானின் கண்ணுக்கு அப்படித் தெரிவதில்லை என்பதால், வேட்டைக்கும் நட்டமில்லை. 2016இல் பளிச்சென்ற இளஞ்சிவப்பையும் அனுமதித்தார்கள்.

உடையைவிடப் பெரிய மாற்றம் வகுப்பறையில் நடந்தது. 1967இல் ஆறு மணி நேரப் பாதுகாப்புப் பயிற்சி தொடங்கியது. 1985 முதல், 1973 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள் இந்தப் பயிற்சியை முடித்தால்தான் வேட்டை உரிமம் என்று ஆனது. பாடம் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். பாடத்தின் சாரம் நான்கே கட்டளை. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா இருப்பதாகவே எண்ணிக் கையாள வேண்டும். குழல் முனை எப்போதும் ஆபத்தில்லாத திசையில் இருக்க வேண்டும். இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உறுதி செய்யாமல் சுடக் கூடாது. சுடும் கணம் வரை விரல் விசைக்கூட்டுக்கு வெளியிலேயே இருக்க வேண்டும். இவற்றில் ஒன்றை மீறினாலும் மற்ற மூன்றும் உயிரைக் காக்க வாய்ப்புண்டு, அதனால்தான் நான்கு. வீட்டுக்குள்ளும் சட்டம் நுழைந்தது. தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டும்படி அசட்டையாக வைத்து, அதனால் கேடு விளைந்தால் பெரியவர் குற்றவாளி.

பலன் கண்கூடு. 1966இல் ஒரு லட்சம் வேட்டைக்காரர்களுக்கு 44 பேர் என்றிருந்த விபத்து விகிதம், இன்று ஒற்றை இலக்கத்தில் நிற்கிறது. யாருமே சாகாத மான் பருவங்களும் வந்திருக்கின்றன.

பெரியவரின் மேற்பார்வை என்றால் என்ன என்பதையும் சட்டம் அளந்து சொன்னது. பயிற்சி முடித்த பன்னிரண்டு, பதின்மூன்று வயதினருக்குத் துணைவரும் பெரியவர், கண்ணில் படும் இடத்தில், குரல் எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். அலைபேசியில் பேசிக்கொள்வது கணக்கில் சேராது. 2009இல், வேட்டையாடுவோர் எண்ணிக்கை குறைகிறதே என்ற கவலையில், பயிற்சி முடிக்காத பத்து வயதுப் பிள்ளைகளையும் வழிகாட்டியோடு அனுமதித்தார்கள். அதற்கு ஈடாக நிபந்தனையை இறுக்கினார்கள்: வழிகாட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், இருவருக்கும் சேர்த்து ஒரே ஆயுதம்தான்.

இந்தக் கணக்கு 2017 நவம்பரில் குலைந்தது. புதிய சட்டம் பத்து வயது என்ற வரம்பை நீக்கியது. பிள்ளை எப்போது தயாராகும் என்பது பெற்றோருக்குத் தெரியும் என்றார்கள் ஆதரித்தவர்கள். ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தைகளின் பெயரில் உரிமம் வாங்கப்பட்ட செய்தி நாடெங்கும் போனது. சிரித்தவர்களும் உண்டு, பதறியவர்களும் உண்டு. கைக்குழந்தை சுடப்போவதில்லை. அந்தக் கூச்சலில் இன்னொரு திருத்தம் போதிய கவனம் பெறவில்லை: இருவருக்கு ஒரே ஆயுதம் என்ற விதியும் அதே சட்டத்தில் போயிற்று.

என் பார்வையில் பெரிய தவறு இதுதான். ஏழு வயதுக்கும் பத்து வயதுக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி எவ்வளவோ வாதாடலாம். பிள்ளைக்குப் பிள்ளை அது மாறும். கையில் துப்பாக்கி இல்லாத பெரியவரின் பார்வை எங்கே இருக்கும் என்பதில் வாதத்துக்கு இடமில்லை. பிள்ளையின் விரலையும் குழல் முனையையும் கவனிப்பதைத் தவிர அவருக்கு அங்கே வேறு வேலை கிடையாது. அவர் கையிலும் ஒரு ரைபிளைக் கொடுத்துவிட்டால் அவரும் வேட்டைக்காரர் ஆகிவிடுகிறார். கிளைக்கொம்புள்ள மான் ஒன்று எதிரே வந்து நிற்கும்போது அவர் பார்வை பிள்ளை மேல் இருக்கும் என்று யார் உறுதி தருவது? கைக்கெட்டும் தூரத்தில் நின்றாலும், கையில் துப்பாக்கி இருந்தால் பிள்ளையைத் தடுக்க எந்தக் கை மிஞ்சும்?

1914இலும் பெரியவர்கள் கூடப் போனார்கள், அது போதவில்லை. பயிற்சியும் ஆரஞ்சு உடையும் பின்னால் வந்து காப்பாற்றின. ஆறு வயதுப் பிள்ளை அந்தப் பயிற்சி எதுவும் இல்லாமல் காட்டுக்கு வருகிறது. அதற்கு இருக்கும் ஒரே காப்பு பக்கத்தில் நிற்பவரின் கவனம். வயது வரம்பைத் திரும்பக் கொண்டுவர விஸ்கான்சின் தயங்கலாம். இருவருக்கு ஒரு துப்பாக்கி என்ற விதியை மட்டுமாவது திரும்பக் கொண்டுவர வேண்டும். சட்டம் வரும்வரை, வழிகாட்டியாகப் போகும் ஒவ்வொரு அப்பாவும் அம்மாவும் தங்கள் துப்பாக்கியை வீட்டில் பூட்டிவைத்துவிட்டுப் புறப்படலாம். அதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.