ஜெய்ப்பூர் கால்

வெறுங்காலோடு நடக்கவென்றே செய்த செயற்கைப் பாதம் இது. முந்தையவற்றுக்குப் பூட்ஸ் கட்டாயம், கணுக்கால் வளையாது. குந்தவோ சேற்று வயலில் இறங்கவோ முடியாத காலை வைத்துக்கொண்டு உழவரும் கூலியாளும் என்ன செய்வது?

1960களின் இறுதியில் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தியும் இதை உருவாக்கினர். 1981இல் மகசேசே விருது பெற்றவர் மருத்துவர். கைவினைஞரின் பெயர் வெளியே அவ்வளவாகத் தெரியவில்லை.

பாதத்தின் உள்ளே, குதிகாலிலும் முன்பாதத்திலும் பஞ்சு ரப்பர், கணுக்காலில் மரக்கட்டை. எல்லாவற்றையும் அச்சில் அடுக்கி, டயர்க்கடைப் பாணியில் சூடேற்றி, தோல்நிற ரப்பரால் ஒன்றாக்குகிறார்கள். நகம்கூட உண்டு.