சேரும் நாளில் கல்லூரியைச் சுற்றிப் பாருங்கள்

பொறியியல் கலந்தாய்வில் இடம் கிடைத்து, ‘சேருகிறேன்’ என்று உறுதி செய்துவிட்டால், ஒதுக்கீட்டு ஆணையில் குறித்திருக்கும் நாளுக்குள் கல்லூரிக்கு நேரில் போக வேண்டும். போகத் தவறினால் அந்த இடம் கைநழுவிவிடும். 2018 முதல் தமிழ்நாட்டில் இந்தக் கலந்தாய்வு இணையவழியில் நடக்கிறது. வீட்டிலிருந்தோ உதவி மையத்திலிருந்தோ விருப்பப் பட்டியலைப் போட்டுவிடலாம். வசதிதான். ஆனால், நான்கு ஆண்டுகள் படிக்கப்போகும் இடத்தைச் சேரும் நாளில்தான் முதன்முதலாகப் பார்க்கிற மாணவர்கள் நிறையப் பேர். அந்த நாளை ஃபீஸ் கட்டும் வரிசையிலேயே கழித்துவிட்டு மாலை பஸ் பிடித்து ஊர் திரும்பிவிடாதீர்கள்.

முடிந்தவரை காலையிலேயே போய்விடுங்கள். அசல் சான்றிதழ்கள், ஒவ்வொன்றுக்கும் சில ஜெராக்ஸ் பிரதிகள், பாஸ்போர்ட் அளவு புகைப்படங்கள், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் இவ்வளவும் ஒரே கோப்பில் இருக்கட்டும். கல்லூரி அலுவலகம் அசலைச் சரிபார்ப்பது முறையான வேலை. மதிப்பெண் பட்டியல் போன்ற அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்வது முறையல்ல. மாணவர் முன்னிலையில் சரிபார்த்து உடனே திருப்பித் தர வேண்டும், பிரதியை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் தெளிவாக அறிவித்திருக்கிறது. “பிறகு தருகிறோம்” என்று சொன்னால், எந்தெந்தச் சான்றிதழை வாங்கினார்கள் என்று எழுதி, முத்திரையோடு ஒரு ஒப்புகைச் சீட்டாவது கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. படிக்காத பெற்றோர் இங்கேதான் தயங்கி நின்றுவிடுகிறார்கள். கூட வந்த பிள்ளைதான் பேச வேண்டும்.

பணத்துக்கும் இதே கவனம் வேண்டும். கல்விக் கட்டணம், ஹாஸ்டல், பஸ், புத்தகம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொன்னால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவர்களுக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இதற்கு விண்ணப்பிப்பது கல்லூரி வழியாகத்தான். யாரிடம் போக வேண்டும் என்பதை அன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொண்டால் பிறகு அலைய வேண்டாம்.

அலுவலக வேலை முடிந்ததும் உங்கள் துறைக் கட்டடத்துக்குப் போங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். முதலாண்டில் கணிதம், இயற்பியல், வேதியியல் போன்ற பொதுப் பாடங்களே அதிகம். கேட்டுப் போய்ப் பார்க்காவிட்டால் சொந்தத் துறையின் ஆய்வகம் கண்ணில் படவே ஓராண்டு ஆகலாம். இயந்திரங்கள் ஓடுகின்றனவா, துணி போர்த்திக் கிடக்கின்றனவா? கணினி ஆய்வகத்தில் ஆளுக்கு ஒரு கணினி இருக்கிறதா? ஆய்வக உதவியாளர் ஒருவர் அங்கே இருப்பார். அவரிடம் ஐந்து நிமிடம் பேசினால், வண்ண அச்சுக் கையேட்டில் இல்லாத விவரமெல்லாம் கிடைக்கும். பொறியியல் இளநிலைப் படிப்பில் 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) விதி. உங்கள் துறையில் எத்தனை பேர் நிரந்தரமாக இருக்கிறார்கள் என்று கேளுங்கள். வாசல் பலகையில் என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் என்று பார்த்தால் எந்தத் துறைக்கு, எந்த ஆண்டு வரை என்றும் விசாரியுங்கள். ‘நாக்’ (தேசிய மதிப்பீடு மற்றும் அங்கீகாரக் குழு) தரும் தரம் கல்லூரி முழுமைக்கும் உரியது. என்.பி.ஏ. அங்கீகாரம் அப்படியல்ல, அது ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாக, குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத்தான் கிடைக்கிறது. பக்கத்துத் துறைக்குக் கிடைத்தது உங்களுக்கும் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம்.

நூலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி, எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று கேட்டால் போதும்.

ஹாஸ்டலில் தங்கப் போகிறவர்கள் மாதிரி அறையோடு நிறுத்திக்கொள்ளாமல், குளியலறை, குடிநீர், மெஸ் மூன்றையும் பாருங்கள். அனுமதித்தால் மதியச் சாப்பாட்டை மெஸ்ஸிலேயே சாப்பிடுங்கள். இரவில் உடம்புக்கு முடியாமல் போனால் யாரைக் கூப்பிடுவது, மருத்துவமனைக்கு எப்படிப் போவது என்று காப்பாளரிடம் கேட்பது பெற்றோரின் வேலை. கல்லூரி ஹாஸ்டல் கட்டணம் தாங்காது என்றால், பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத்துறைகள் நடத்தும் அரசு விடுதி அருகில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தினமும் வீட்டிலிருந்து வந்து போகிறவர்கள் கல்லூரி பஸ் உங்கள் ஊர்ப் பக்கம் எங்கே, எத்தனை மணிக்கு நிற்கும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் ஆண்டு அண்ணன், அக்கா யாராவது கண்ணில் பட்டால் பேசிப் பாருங்கள். எந்தப் பாடத்தில் அதிகம் அரியர் விழுகிறது, எந்த ஆசிரியரிடம் போய்ச் சந்தேகம் கேட்கலாம் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். பெரும்பாலானவர்கள் பிரியமாகவே சொல்வார்கள்.

சேரும்போது மாணவரும் பெற்றோரும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி தர வேண்டும். அதை வெறும் சம்பிரதாயமாக நினைத்துவிடாதீர்கள். 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997-இல் தமிழ்நாடு ராகிங்கைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. அதன்படி இரண்டு ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. ராகிங் புகாருக்கான தேசிய உதவி எண் 1800-180-5522. கட்டணம் கிடையாது, இரவும் பகலும் அழைக்கலாம். கல்லூரியை விட்டுக் கிளம்பும் முன் மாணவரும் பெற்றோரும் இந்த எண்ணை அவரவர் செல்போனில் பதிந்துகொள்ளுங்கள்.